பூங்கா போயிற்று, பெயர் மட்டும் நிற்கிறது!

ஆடி மாதம். மாலை நேரம்.

சூரமங்கலத்தில் ஒரு தெரு. ரெயில்வேயில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இரும்பாலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலேயே உட்கார்ந்து வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தெருவில் ஒரு வீட்டு வாசலில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பையன் நிற்கிறான்.

"அம்மா, கிளம்பலாமா?"

"அப்பா வரட்டும்டா. ஏன் பறக்கிறே?"

"இருட்டினதும் ராட்டினத்துக்கு லைட்டு போடுவாங்கம்மா. அதுக்குள்ளே போயிடணும்!"

அப்பா வருகிறார். முகம் கழுவுகிறார். பாட்டியும் புறப்பட்டு நிற்பதைப் பார்க்கிறார். சட்டைப் பையில் இருக்கும் பணத்தை ஒரு முறை எண்ணிக்கொள்கிறார். பிறகு எல்லோரும் டவுன் பஸ் ஏறுகிறார்கள். எங்கே போகிறார்கள் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொருட்காட்சிக்குத்தான்!

சேலத்தில் ஆடி மாதம் என்றால் கோட்டை மாரியம்மன் பண்டிகை. குகையில் வண்டி வேடிக்கை. மனிதர்கள் சாமி வேடம் போட்டு, அலங்கார வண்டிகளில் நின்று வருவார்கள். அதைப் பார்க்க ஊரே திரளும். அந்தப் பண்டிகைக் கூட்டத்தை ஒட்டி நடப்பதுதான் ஆடிப் பொருட்காட்சி. பல ஆண்டுகள் அது ஊரின் நடுவில், பழைய பஸ் நிலையத்துக்கு அருகில் உள்ள போஸ் மைதானத்தில் நடந்தது.

உள்ளே நுழைந்ததும் முதலில் மூக்குக்குத்தான் விருந்து. மிளகாய் பஜ்ஜி வாசனை. முறம் அளவுக்குப் பெரிதாய் 'டெல்லி அப்பளம்'. மேலே மிளகாய்ப் பொடி தூவித் தருவார்கள். சேலத்துக்கே உரிய தட்டுவடை செட்டும் உண்டு. இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவில் காரச் சட்னியும் துருவிய காரட்டும் பீட்ரூட்டும் வைத்து, ஒரே வாயில் போடுவது. ஒரு செட்டோடு நிறுத்தியவர் யாரும் இல்லை.

அடுத்தது மரணக் கிணறு. மரப் பலகையில் செய்த பெரிய கிணறு. ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஏறி, அந்தக் கிணற்றின் சுவரிலேயே சுற்றிச் சுற்றி ஓட்டுகிறார். விழவில்லையே, எப்படி? வேகம் குறையாமல் வட்டமாகச் சுற்றும்போது சக்கரம் சுவரை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வு, வண்டியைக் கீழே நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. வேகம் குறைந்தால் பிடி விட்டுவிடும். பள்ளிக்கூடத்தில் ஒரு மணி நேரம் சொன்னாலும் ஏறாத பாடம், இங்கே ஐந்து நிமிஷத்தில் ஏறிவிடுகிறது.

பிறகு ராட்டினம். சின்னக் குழந்தைகளுக்குக் குடை ராட்டினம். பெரியவர்களுக்கு ஆகாயம் தொடும் ராட்டினம். 1893-ம் ஆண்டில் அமெரிக்காவில் சிகாகோ நகரப் பொருட்காட்சியில், பெர்ரிஸ் என்ற என்ஜினீயர் 264 அடி உயரத்தில் முதல் ராட்சத ராட்டினத்தை நிறுத்தினார். 36 பெட்டிகள், ஒரு பெட்டியில் 60 பேர். அதன் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஊர் ஊராக லாரியில் ஏறி வந்து இறங்குகின்றன.

சூரமங்கலத்துப் பையன் ராட்டினத்தின் உச்சிக்குப் போகிறான். ஒரு கணம் ராட்டினம் நிற்கிறது. வடக்கே ஏற்காடு மலை விளக்குகள் தெரிகின்றன. மேற்கே ஜங்ஷன் பக்கத்து வெளிச்சம் தெரிகிறது. "அதோ நம்ம ஊரு!" என்று கத்துகிறான். தன் ஊரை அவன் மேலே இருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. பாட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறாள். "மாரியாத்தா, இறக்கி விடு!" என்கிறாள். ஆனால் அடுத்த வருஷமும் அவள்தான் முதலில் புறப்பட்டு நிற்பாள்.

இவ்வளவு சந்தோஷத்துக்கும் என்ன தேவை? ராட்டினம் லாரியில் வருகிறது. அப்பளக் கடை கை வண்டியில் வருகிறது. கரகாட்டக்காரர் பஸ்ஸில் வருகிறார். எல்லாம் வெளியூரிலிருந்து வந்துவிடும். வர முடியாதது ஒன்றே ஒன்றுதான். அது நிலம்! ஊருக்கு நடுவில், எந்தப் பேட்டையிலிருந்தும் நடந்தோ, ஒரே பஸ்ஸிலோ வரக்கூடிய வெறும் நிலம்.

அந்த நிலத்தைத்தான் நாம் 'காலி இடம்' என்கிறோம். அங்கேதான் வந்தது வினை.

சென்ட்ரலில் இறங்குகிறவர்கள் கவனத்துக்கு

காலி இடம் என்று பெயர் வாங்கிய நிலம் என்ன ஆகும்? தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஜங்ஷனில் ரெயில் ஏறினால் போதும். இரவில் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், விடியுமுன் சென்னை சென்ட்ரல். 330 கிலோ மீட்டருக்கு மேல். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து மேற்குப் பக்கம் பாருங்கள். புறநகர் ரெயில் நிலையம். அடுத்து விக்டோரியா பப்ளிக் ஹால். அடுத்து மாநகராட்சியின் வெள்ளை மாளிகை, ரிப்பன் கட்டிடம். பின்னால் நேரு ஸ்டேடியம்.

இவ்வளவு கட்டிடங்களும் நிற்கும் அந்தப் பகுதி, ஒரு காலத்தில் ஒரே பெரிய பூங்கா! நம்ப முடிகிறதா?

அதன் பெயர் பீப்பிள்ஸ் பார்க். மக்கள் பூங்கா. 1859-ம் ஆண்டில் சென்னைக்கு கவர்னராக வந்தார் சர் சார்லஸ் டிரெவெல்யன். நெருக்கடியான கறுப்பர் நகரத்து மக்கள் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்று அவர் நினைத்தார். கோட்டைச் சுவருக்கு வெளியே, 116 ஏக்கரில் பூங்கா உருவாயிற்று. அதற்குள் 11 குளங்கள். ஐந்தரை மைல் நீளத்துக்குப் பாதை. பாண்டு வாத்திய மேடை. குளிக்கும் குளம். விளையாட்டு மைதானம். எல்லாம் இருந்தன.

பூங்காவைக் கொடுத்த கவர்னர் அதிக நாள் இருக்கவில்லை. கல்கத்தாவிலிருந்து வந்த புது வரித் திட்டத்தை அவர் பகிரங்கமாக எதிர்த்தார். 1860-ம் ஆண்டிலேயே லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. வரியை எதிர்த்த கவர்னர் போய்விட்டார். பூங்கா வளர்ந்தது.

அந்தப் பூங்காவின் பெரிய ஆச்சரியம், மிருகக்காட்சி சாலை. 1855-ம் ஆண்டில் எட்வர்டு பால்பர் என்ற டாக்டர், எழும்பூர் மியூசியத்தில் சில உயிருள்ள மிருகங்களை வைத்தார். அதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. பிறகு அவை மக்கள் பூங்காவுக்கு மாறின. பட்டிக்காட்டிலிருந்து பட்டணம் பார்க்க வந்தவர்கள் இரண்டு இடத்தைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டார்கள். மியூசியத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலைக்கு வைத்த பெயர் 'உயிர் காலேஜ்'! எந்தப் புலவரும் இவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்க முடியாது.

வருஷம்தோறும் அங்கே பெரிய சந்தையும் வேடிக்கையும் நடந்தன. 'பார்க் பேர்' என்று பெயர். ஒரு வருஷம் பெரிய துயரமும் நடந்தது. 1886-ம் ஆண்டின் கடைசி நாள். சந்தை நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கானவர்கள் கருகி மாண்டார்கள். கூட்டம் சேரும் இடத்தில் வழி அகலமாக இருக்க வேண்டும் என்பதை, சென்னை அப்படி ஒரு விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

ஆனால் பூங்காவை அழித்தது தீ அல்ல. நல்ல காரியங்கள்தான் அழித்தன!

ஆம். ஒவ்வொன்றும் நல்ல காரியம். ஊருக்கு ஒரு பொது மண்டபம் வேண்டாமா? வேண்டும். 1880-களில் விக்டோரியா மண்டபம் எழுந்தது. நாடகம் நடந்தது, 1890-களில் சென்னையின் முதல் சினிமாக் காட்சிகளில் சில அங்கே நடந்தன. தெருவில் கடை போட்டவர்களுக்கு ஒரு மார்க்கெட் வேண்டாமா? வேண்டும். 1900-ம் ஆண்டில் மூர் மார்க்கெட் திறந்தார்கள். மாநகராட்சிக்குச் சொந்த மாளிகை வேண்டாமா? வேண்டும். 1913-ம் ஆண்டில் ரிப்பன் கட்டிடம் திறப்பு விழா கண்டது. விளையாட்டு அரங்கம் வேண்டாமா? ரெயிலுக்கு இடம் வேண்டாமா? வேண்டும், வேண்டும்! கேட்ட ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் கேட்டார்கள். 116 ஏக்கரில் கொஞ்சம் போனால் என்ன என்று கொடுத்தவர்களும் நினைத்தார்கள்.

மூர் மார்க்கெட்டே பிறகு ஒரு வேடிக்கை சாலை ஆகிவிட்டது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல், பொம்மை. பேரம் பேசத் தெரிந்தவன் பிழைத்தான். 1985-ம் ஆண்டு மே 30-ந் தேதி அதுவும் எரிந்தது. அந்த இடத்தில் புறநகர் ரெயில் நிலையம் வந்தது. அதே 1985-ம் ஆண்டில் 'உயிர் காலேஜ்' வண்டலூருக்குப் போய்விட்டது.

வண்டலூர் போனது மிருகங்களுக்கு நல்லது. சந்தேகமே இல்லை. சின்னக் கூண்டில் கிடந்த புலிக்கு 1,400 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டில் இடம் கிடைத்தது. ஆனால் சூளையிலிருந்தும் புதுப்பேட்டையிலிருந்தும் நடந்தே போய்ப் புலி பார்த்த கூலிக்காரன் வீட்டுக் குழந்தைக்கு என்ன கிடைத்தது? சுமார் 30 கிலோ மீட்டர் பயணம் கிடைத்தது!

இன்று அங்கே மிச்சம் இருப்பது மை லேடீஸ் பூங்கா என்ற சின்னத் துண்டு ஒன்று. மற்றொன்று, பெயர். சுற்றியுள்ள பேட்டைக்குப் பெயர் பார்க் டவுன். எதிரே உள்ள புறநகர் ரெயில் நிலையத்துக்குப் பெயர் பார்க் ஸ்டேஷன். பறக்கும் ரெயில் நிலையத்துக்குப் பெயர் பூங்கா நகர். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே டிக்கெட் வாங்குகிறார்கள். எந்தப் பூங்கா என்று கேட்டால் பதில் சொல்பவர் எத்தனை பேர்?

மூன்று உலகங்கள்

இது சென்னைக்கு மட்டும் நேர்ந்த கதை அல்ல. நம்மவர்கள் பலர் பிழைக்கப் போயிருக்கும் சிங்கப்பூரிலும் நடந்தது.

சிங்கப்பூரில் மூன்று 'உலகங்கள்' இருந்தன. 1923-ம் ஆண்டில் ஜாலான் புசாரில் 'நியூ வேர்ல்டு' தொடங்கியது. 1931-ம் ஆண்டில் 'கிரேட் வேர்ல்டு'. 1930-களின் பின்பாதியில் கேலாங்கில் 'ஹாப்பி வேர்ல்டு'. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்லாம் கேளிக்கைப் பூங்காக்கள்தான். ராட்டினம், சினிமா, நாடகம், நடனம், குத்துச்சண்டை, மல்யுத்தம் எல்லாம் ஒரே வேலிக்குள். கிங்காங், தாராசிங் பெயர்களைக் கேட்டால் தாத்தாக்கள் இன்றும் நிமிர்ந்து உட்காருவார்கள் அல்லவா? அந்த மல்லர்கள் சிங்கப்பூர் மேடைகளிலும் மோதியவர்கள்தான்.

நியூ வேர்ல்டுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. தமிழர்கள் வாழும் செராங்கூன் ரோட்டுக்கு அது பக்கத்து வீடு மாதிரி. பெருமாள் கோவிலில் கும்பிட்டுவிட்டு, நடந்தே போய்விடலாம். சீனர், மலாய்க்காரர், தமிழர் மூவரும் ஒரே வாசலில் டிக்கெட் வாங்கினார்கள். பகலில் துறைமுகத்திலும் கடையிலும் உழைத்தவர்கள், இரவில் தோளோடு தோள் உரசி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

1942-ம் ஆண்டில் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தார்கள். அப்போது கிரேட் வேர்ல்டில் போர்க் கைதிகளை அடைத்து வைத்தார்கள். போர் முடிந்ததும் மறுபடியும் ராட்டினம் சுற்றியது. போரில் சாகாத பூங்கா அமைதிக் காலத்தில் செத்தது. 1960-ம் ஆண்டில் அரசாங்கம் வீட்டு வாரியம் அமைத்தது. நெரிசலான பழைய தெருக்களில் இருந்த குடும்பங்கள் தொலைவில் கட்டிய புது அடுக்கு வீடுகளுக்குப் போயின. 1963-ம் ஆண்டில் டெலிவிஷன் வந்தது. பிறகு குளிர் சாதனக் கடை மாளிகைகள் வந்தன. பூங்காவைச் சுற்றி இருந்த மனிதர்களே போய்விட்டபின் ராட்டினத்தில் யார் ஏறுவது? 1987-ம் ஆண்டோடு நியூ வேர்ல்டு முடிந்தது.

இன்று அந்த இடத்தில் 'சிட்டி ஸ்குயர் மால்' நிற்கிறது. 2009-ம் ஆண்டில் வந்தது. வாசல் பக்கம் பழைய நியூ வேர்ல்டின் நுழைவாயில் வளைவை மட்டும் அழகாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கிரேட் வேர்ல்டு இருந்த இடத்திலும் ஒரு கடை மாளிகைதான். பெயர் மட்டும் அதே பெயர்.

வளைவு என்றதும் சேலத்துக்காரர்களுக்கு ஒன்று நினைவு வரும். ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு! டி.ஆர்.சுந்தரம் 1930-களில் தொடங்கிய ஸ்டூடியோ. தமிழின் முதல் வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ம் ஆண்டில் அங்கிருந்துதான் வந்தது. இப்போது வளைவுக்குப் பின்னால் வீடுகள். ஏற்காடு போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, வளைவின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஸ்டூடியோ தனியார் சொத்து. அதை விற்பதும் வைப்பதும் அவர்கள் உரிமை. ஆனால் மைதானம் அப்படி அல்ல. அது பொதுச் சொத்து.

ஓர் ஊர் செய்து காட்டியது

ஊர் வளர்ந்தால் பூங்கா சாகத்தான் வேண்டும், அது காலத்தின் சட்டம் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மை அல்ல. டென்மார்க் நாட்டின் தலைநகர் கோபன்ஹேகனைப் பாருங்கள்.

1843-ம் ஆண்டில் அந்த நகரத்துக் கோட்டைக்கு வெளியே ராஜாவிடம் நிலம் கேட்டு வாங்கி, கார்ஸ்டன்சன் என்பவர் ஒரு கேளிக்கைப் பூங்கா அமைத்தார். பெயர் டிவோலி. ஏறக்குறைய நம் மக்கள் பூங்காவின் கதைதான். கோட்டைக்கு வெளியே பூங்கா. ஊர் வளர்ந்தது. கோட்டைச் சுவர் போயிற்று. பக்கத்திலேயே பெரிய ரெயில் நிலையம் வந்தது. நாலாபுறமும் கட்டிடங்கள் நெருங்கின. ஆனால் பூங்கா போகவில்லை! 1944-ம் ஆண்டில், போர்க் காலத்தில், நாஜிகளின் ஆட்கள் குண்டு வைத்துப் பல கட்டிடங்களை எரித்தார்கள். சில வாரங்களில் டிவோலி மறுபடியும் திறந்துவிட்டது. 1914-ம் ஆண்டில் செய்த மர ரெயில் ஒன்று இன்றும் மேலும் கீழும் ஓடுகிறது. அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி, தன் டிஸ்னிலாந்தைக் கட்டுவதற்கு முன் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அந்த நிலத்தின் விலை இன்று என்ன இருக்கும்? கணக்குப் போட்டால் தலை சுற்றும். ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் அதைக் காலி இடம் என்று நினைக்கவில்லை.

நம் ஊரில் வேறு மாதிரி நடந்தது. ஊருக்குள் இருந்த வேடிக்கை ஊருக்கு வெளியே போயிற்று. 1995-ம் ஆண்டில் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்தது. சென்னைக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., எம்.ஜி.எம். என்று வந்தன. மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் வந்தது. நல்ல பூங்காக்கள்தான். தண்ணீர் விளையாட்டு, சறுக்கு, எல்லாம் உண்டு. குறை சொல்வதற்கு இல்லை. ஆனால் அங்கே போவது ஒரு யாத்திரை. வேன் வைக்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று வாசலிலேயே கொடுக்க வேண்டும். சூரமங்கலத்துக் குடும்பம் ஒன்று பாட்டியோடு போய் வந்தால், கொலுசு வேலையில் எத்தனை நாள் கூலி போகும்? பொருட்காட்சியில் அப்படி அல்ல. குறைந்த கட்டணத்தில் நுழைந்துவிடலாம். காசு இருந்தால் ராட்டினம். இல்லாவிட்டால் ஓர் அப்பளத்தை நாலாக உடைத்துத் தின்றுகொண்டு, அடுத்தவர் ராட்டினத்தில் அலறுவதைப் பார்த்துச் சிரிக்கலாம். அதற்குக் காசு இல்லை!

சேலத்தில் என்ன நடக்கும்?

சேலம் வளர்ந்த வேகத்தை சூரமங்கலத்துக்காரர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. 1860-களின் தொடக்கத்தில் ரெயில் வந்தபோது, நிலையம் ஊருக்குள் வரவில்லை. சில கிலோ மீட்டர் தள்ளி சூரமங்கலத்தில் வந்தது. "சேலம் வேறு, சேலம் ஜங்ஷன் வேறு" என்று அந்தக் காலத்தில் வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டி இருந்தது. நடுவில் எவ்வளவோ வெட்டவெளி. 1981-ம் ஆண்டில் இரும்பாலை உற்பத்தியைத் தொடங்கியது. 1994-ம் ஆண்டில் சேலம் மாநகராட்சி ஆயிற்று; சூரமங்கலம் அதில் ஒரு மண்டலம் ஆயிற்று. 2007-ம் ஆண்டில் சேலம் ரெயில்வே கோட்டம் வந்தது. இப்போது ஜங்ஷனிலிருந்து டவுன் வரை வீடும் கடையும் ஓட்டலும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. வெட்டவெளி எங்கே என்று தேட வேண்டும்.

அப்படித் தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது மைதானம்தான். பழைய பஸ் நிலையத்தை இடித்து ஈரடுக்கு நிலையம் கட்டியபோது, பஸ்கள் நிற்க இடம் வேண்டி இருந்தது. கை நீண்டது போஸ் மைதானத்தின் பக்கம்தான். தற்காலிக பஸ் நிலையம் அங்கே இயங்கியது. 2023-ம் ஆண்டில் புதுக் கட்டிடம் திறந்தார்கள். பஸ்ஸுக்கு இடம் கொடுத்தது தவறா? தவறு இல்லை. அவசரத்துக்கு உதவுவதற்கும்தான் மைதானம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைதானம் மைதானமாக இருந்ததால்தான் அந்த உதவி கிடைத்தது. அங்கே முன்பே ஒரு மாளிகை கட்டியிருந்தால் பஸ்கள் எங்கே போயிருக்கும்?

மதுரையைப் பாருங்கள். சித்திரைப் பொருட்காட்சி என்றால் தமுக்கம் மைதானம். அந்த மைதானத்தில் பெரிய மாநாட்டுக் கூடம் கட்டி 2022-ம் ஆண்டில் திறந்தார்கள். கூடம் கம்பீரமாக இருக்கிறது. கல்யாணத்துக்கும் கண்காட்சிக்கும் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் கூரைக்கு அடியில் ராட்சத ராட்டினம் சுற்றாது!

பொருட்காட்சி என்றால் எல்லோருக்கும் சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. பக்கத்துத் தெருக்காரர்களைக் கேட்டால் தெரியும். ஒலிபெருக்கி காதைத் துளைக்கிறது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை தலையில் கை வைத்துக்கொள்கிறது. வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். காலையில் எழுந்தால் தெரு முழுவதும் பேப்பர் தட்டு. பெண்கள் போக ஒதுக்குப்புறமாகச் சுத்தமான கழிப்பிடம் இல்லை. இந்தப் புகார்கள் அத்தனையும் நியாயமானவை. "அதனால்தான் ஊருக்கு வெளியே கொண்டு போகச் சொல்கிறோம்" என்று அவர்கள் சொல்லும்போது, பதில் சொல்ல வேண்டிய கடமை மற்றவர்களுக்கு உண்டு.

பதில் இதுதான். ஒலிபெருக்கியை இரவு பத்து மணிக்கு நிறுத்தலாம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கழிப்பிடம் கட்டலாம். குப்பை அள்ள ஆள் போடலாம். ராட்டினத்தின் ஆணியையும் பெல்ட்டையும் என்ஜினீயர் வந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் டிக்கெட் கிழிக்க வேண்டும் என்று கண்டிப்பாக இருக்கலாம். 1886-ம் ஆண்டுத் தீயை நினைத்து, வழிகளை அகலமாக விடலாம். இத்தனையும் பணத்தால் ஆகிற காரியம். ஆனால் ஊர் நடுவில் ஒரு மைதானம் போய்விட்டால், அதைத் திரும்ப உண்டாக்க எந்தப் பணத்தாலும் முடியாது. நாலு தெருவை இடித்தா மைதானம் செய்ய முடியும்?

ஆகவே மாநகராட்சி ஒரு காரியம் செய்யலாம். நகரத் திட்டப் படத்தில் போஸ் மைதானத்துக்கு எதிரே 'காலி இடம்' என்று எழுதாமல், 'பொருட்காட்சி, விளையாட்டு, பொதுக் கூட்டத்துக்கான திடல். நிரந்தரக் கட்டிடம் கூடாது' என்று எழுதி வைக்கலாம். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று நாலு மண்டலம் இருக்கின்றன. மண்டலத்துக்கு ஒரு திடலையாவது இப்போதே அடையாளம் கண்டு, இதே மாதிரி எழுதி வைக்கலாம். தண்ணீர்க் குழாய், விளக்கு, கழிப்பிடம், வடிகால். அதற்கு மேல் ஒரு செங்கல்கூட வேண்டாம். வருஷத்தில் ஒரு மாதம் ராட்டினம் சுற்றட்டும். மற்ற நாளில் பையன்கள் கிரிக்கெட் ஆடட்டும். வயதானவர்கள் நடக்கட்டும். மண்ணாகவே இருக்கட்டும்.

"ஒரு மாதத்துக்காக ஒரு மைதானமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கேள்வி. கோவில் தேர் வருஷத்தில் எத்தனை நாள் ஓடுகிறது? அதற்காகத் தேர் வீதியை அடைத்து வீடு கட்டச் சம்மதிப்பார்களா?

மணி ஒன்பதரை. பொருட்காட்சி முடிந்து கூட்டம் வெளியே வருகிறது. ஜங்ஷன் பஸ்ஸில் சூரமங்கலத்துக் குடும்பம் ஏறுகிறது. பாட்டிக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்துவிட்டது. பையன் கையில் ஒரு ஊதல். வாயில் வைக்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவன் அப்பாவின் தோளில் சாய்ந்துகொள்கிறான்.

"அப்பா, அடுத்த வருஷமும் ராட்டினம் இங்கேதானே போடுவாங்க?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். அதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார்.

"ஜங்ஷன் மூணு டிக்கெட்டுங்களா? பையனுக்கு எத்தனை வயசு?"